படகு முரண்டு பிடிக்கும்போது: கரையோரப் பயணத்தில் அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

ஓடிக்கொண்டிருந்த இஞ்சின் நின்றால் கை தானாகவே இஞ்சின் மூடியைத் திறக்கப் போகும். அந்தக் கையை ஒரு நிமிடம் பிடித்து வையுங்கள். நிமிர்ந்து சுற்றிப் பாருங்கள். கரை எந்தப் பக்கம்? காற்றும் நீரோட்டமும் படகை எங்கே தள்ளுகின்றன? கீழே ஆழம் எவ்வளவு? ஒரு கடல் மைல் என்பது 1852 மீட்டர். மணிக்கு 2 கடல் மைல் வேகத்தில் சும்மா மிதந்து போகும் படகுகூட நிமிடத்துக்கு 60 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அரை கடல் மைல் தள்ளித் தெரியும் பாறையை எட்டக் கால் மணி நேரம் போதும்.

நடுக்கடலில் ஒரு பழுதைச் சாவகாசமாகப் பார்க்கலாம். கரையோரத்தில் அப்படி முடியாது. அதனால் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் நேரத்தைச் சம்பாதியுங்கள். ஆழம் குறைவு என்றால் நங்கூரத்தை இறக்குங்கள். ஆழம் அதிகம், காற்று இருக்கிறது என்றால் முன்பாயைக் கொஞ்சம் பிரித்துவிட்டு வெளிக்கடல் பக்கம் திரும்புங்கள். ஐந்து நிமிட வேலைதான். துறைமுக வாயிலிலும் குறுகிய கால்வாயிலும் நுழையும்போது நங்கூரத்தின் பூட்டை முன்கூட்டியே எடுத்து, கையால் தள்ளினால் விழும் நிலையில் வைப்பது இதற்குத்தான்.

கீழே உள்ளவற்றை உறுப்பு உறுப்பாகப் பிரிக்கவில்லை. எதைப் பார்க்கிறீர்கள், கேட்கிறீர்கள், முகர்கிறீர்கள் என்று பிரித்திருக்கிறேன். நான் மனதில் வைத்திருப்பது சின்ன டீசல் இஞ்சின் உள்ள பாய்மரப் படகு. பகலில் ஓட்டம், இரவில் நங்கூரம், உள்ளே இரண்டு மூன்று பேர். பாய் இல்லாதவர்கள் பாய் வரும் வரிகளைத் தாண்டிப் போகலாம்.

சாவியைத் திருப்பினால் "டிக்" என்று மட்டும் கேட்கிறது

மின்சாரம் ஸ்டார்ட்டர் வரை வருகிறது, சுற்றத்தான் போதவில்லை. பேட்டரி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். கடல் காற்றில் அதன் முனையில் பச்சை பூத்திருக்கும், அல்லது ஏதோ ஒரு இணைப்பு தளர்ந்திருக்கும். ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிவிட்டு, உடனே ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தொட்டுப் பாருங்கள். சுடும் இணைப்புதான் குற்றவாளி. கழற்றி, சுரண்டி, இறுக்கினால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

இணைப்புகள் சரி என்றால் மல்டிமீட்டரை எடுங்கள். ஓய்வில் இருக்கும் 12 வோல்ட் ஈய பேட்டரி முழு சார்ஜில் 12.7 அளவில் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம். அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் பேட்டரியின் ஆயுள் போய்விடும். இஞ்சின் ஓடும்போது 14ஐ ஒட்டி ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் ஆல்டர்னேட்டர் பெல்ட்டை அமுக்கிப் பாருங்கள். இரவில் மின்சாரத்தைக் குடித்தது யார் என்ற விசாரணையில் முதல் சந்தேகம் குளிர்பெட்டி மேல்தான் விழ வேண்டும். நங்கூர விளக்கையும் விட்டுவிடாதீர்கள்: பழைய 10 வாட் பல்பு 12 மணி நேரத்தில் ஏறக்குறைய 10 ஆம்பியர்-மணியைத் தின்றுவிடும். எல்இடிக்கு அதில் ஒரு சிறு பங்கு போதும்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இஞ்சின் பிடிக்கவில்லை

முதலில் வெட்கப்பட வைக்கும் காரணம். பல சின்ன டீசல் இஞ்சின்கள் சாவியால் நிற்பதில்லை. டீசல் வரத்தை வெட்டும் ஒரு கைப்பிடியை இழுத்துத்தான் நிறுத்த வேண்டும். நேற்று மாலை இழுத்தவர் அதைத் திரும்ப உள்ளே தள்ள மறந்திருப்பார். நான் ஒருமுறை முக்கால் மணி நேரம் ஃபில்டரைக் கழற்றி மாட்டிவிட்டு இதைக் கண்டுபிடித்தேன். இழுத்தவனும் நானேதான். அடுத்து டீசல் குழாயின் அடைப்பான். அப்புறம் டாங்க்; காட்டும் முள்ளை நம்பாமல் குச்சி விட்டுப் பாருங்கள்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை உண்டு, பலருக்கு இது இஞ்சினைப் பறிகொடுத்த பிறகுதான் தெரிய வருகிறது. ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் இஞ்சினைக் குளிர்விக்கும் கடல்நீர் பம்பும் கூடவே சுற்றுகிறது. இஞ்சின் பிடித்திருந்தால் புகை அந்த நீரை வெளியே ஊதித் தள்ளிவிடும். பிடிக்கவில்லை என்றால் நீர் சைலன்சரில் தேங்கி, நிரம்பி, பின்னோக்கி ஏறி சிலிண்டருக்குள் போய்விடும். தண்ணீரை அமுக்க முடியாது. வளைவது இஞ்சினின் ராடுதான். ஆகவே மூன்று நான்கு முறைக்கு மேல் முயல வேண்டியிருந்தால் அந்த நீர் உள்ளே வரும் கடல்நீர் வால்வை மூடிவிட்டுச் சுற்றுங்கள். இஞ்சின் பிடித்த நொடியே திறங்கள். பிடித்த சந்தோஷத்தில் திறக்க மறப்பீர்கள், அது நிச்சயம். ஆள் இருந்தால் வால்வுக்குப் பக்கத்தில் ஒருவரை உட்கார வையுங்கள். தனியாக இருந்தால் கியர் கைப்பிடியில் ஒரு துணியைக் கட்டுங்கள். கியர் போடப் போகும் கை அதைத் தொட்டு நின்றுவிடும்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது

எப்படி நின்றது என்பதிலேயே பாதி விடை இருக்கிறது.

கியரில் ஓடும்போது "கடக்" என்று ஒரே அடியாக நின்றதா? நியூட்ரலில் திரும்ப ஸ்டார்ட் ஆகிறது, கியர் போட்டதும் சாகிறதா? படகைத் தள்ளும் விசிறியில் (புரொப்பெல்லரில்) கயிறு சுற்றியிருக்கிறது. மீன்வலையின் மிதவைக் கயிறாக இருக்கலாம். உங்கள் படகிலிருந்தே தொங்கிய கயிறாகவும் இருக்கலாம், முதலில் அதை எண்ணிப் பாருங்கள். இஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்துச் சட்டைப்பைக்குள் போடுங்கள். நீரில் கயிற்றின் முனை தெரிந்தால் கொக்கிக்கோலால் பிடித்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் உள்ளே விசிறியைச் சுற்றும் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, கையால் எதிர்ப்பக்கம் சுற்றினால் சில நேரம் சமர்த்தாக அவிழ்ந்துவிடும். இல்லையென்றால் பாயை ஏற்றி அமைதியான நீருக்குப் போய், நங்கூரம் போட்ட பிறகு கத்தியோடு இறங்கலாம். அலையில் இறங்கவே கூடாது. மேலே ஏறி இறங்கும் படகின் அடிப்பாகம் பல டன் எடை. அதற்குக் கீழே இருப்பது உங்கள் தலை.

மெதுவாக, ஏறி இறங்கி, மூச்சுத் திணறிக்கொண்டே நின்றதா? டீசல் வரத்தில் தடை. இது எப்போதும் அலை அதிகமான நாளில், துறைமுக வாயிலில்தான் நடக்கும். படகுக்காரர்கள் இதைத் தங்கள் ஜாதகம் என்று நினைக்கிறார்கள். காரணம் எளியது. பாதி காலியான டாங்கின் சுவரில் ஈரம் வியர்த்து, துளித்துளியாக டீசலுக்கு அடியில் சேர்கிறது. நீரும் டீசலும் தொடும் அந்த எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கருப்புக் கோழையாகப் படிகின்றன. அமைதியான நாட்களில் அது அடியிலேயே கிடக்கும். அலை டாங்கைக் குலுக்கியதும் மொத்தமாக எழுந்து ஃபில்டரை அடைக்கும்.

முதல் ஃபில்டரின் கண்ணாடிக் கிண்ணத்தைப் பாருங்கள். அடியில் நீர் அல்லது கரும்படிவு இருந்தால் வடியுங்கள், ஃபில்டரை மாற்றுங்கள். மாற்றினால் காற்று உள்ளே போயிருக்கும். ஏர் எடுக்க வேண்டும். இரண்டாவது ஃபில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, டீசல் பம்பின் பக்கவாட்டில் உள்ள சின்ன நெம்புகோலை விரலால் அடியுங்கள். முதலில் நுரை வரும், அப்புறம் குமிழியோடு டீசல், அப்புறம் சுத்தமான டீசல். அப்போது இறுக்குங்கள். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பின் திருகு, அதே மாதிரி. அப்படியும் பிடிக்கவில்லை என்றால் இன்ஜெக்டர் குழாய்களின் நட்டை அரைத் திருப்பு தளர்த்தி, ஸ்டார்ட்டரால் சுற்றி, டீசல் சீறுவதைப் பார்த்து இறுக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

நெம்புகோல் விரலுக்கு எதிர்ப்பே காட்டாமல் தொளதொளவென்று ஆடினால் பம்ப் கெட்டுவிட்டதாக நினைக்க வேண்டாம். அதைத் தள்ளும் கேம் உச்சியில் நின்றிருக்கும். இஞ்சினை ஒரு சுற்று நகர்த்திவிட்டு மறுபடி அடியுங்கள். இந்த ஒரு விஷயம் தெரியாமல் நல்ல பம்பைக் கழற்றி வீசியவர்கள் உண்டு.

இதையெல்லாம் முதல் தடவையாக அலையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு செய்யக் கூடாது. துறையில் கட்டியிருக்கும் ஒரு சும்மா நாளில் செய்து பாருங்கள். எந்தத் திருகுக்கு எந்த அளவு ஸ்பேனர் என்று தெரிந்ததும் அதற்கெனத் தனியாக ஒன்றை வாங்கி இஞ்சின் அறைக்குள்ளேயே தொங்கவிடுங்கள். டாங்கை எப்போதும் நிரப்பி வைத்திருந்தால் வியர்க்கும் சுவர் குறையும்.

இஞ்சினின் குரல் மாறிவிட்டது

படகின் பின்புறம் புகைக்குழாய் "களுக்... களுக்..." என்று நீர் துப்பிக்கொண்டே வரும். கிளம்பிய முதல் நாள் அது காதில் விழும். இரண்டாம் நாள் விழாது. ஆனால் அது நின்றுவிட்டால், தூங்கிக்கொண்டிருந்தாலும் விழிப்பு வரும். சத்தம் காய்ந்து, பொள்ளென்று, கொஞ்சம் கரகரப்பாக மாறும். வெப்ப எச்சரிக்கை மணி அடிப்பதற்கு வெகு முன்பே இந்த மாற்றம் தெரியும். படகோடு பழகியதில் எனக்குக் கிடைத்த சின்னப் பெருமைகளில் இது ஒன்று: மணி அடிக்கும் முன் எழுந்துவிடுவது.

எட்டிப் பாருங்கள். நீர் வரவில்லை என்றால் வேகத்தைக் குறைத்து, இடம் பாதுகாப்பானதும் நிறுத்துங்கள். கடல்நீர் வால்வு திறந்திருக்கிறதா? திறக்க மறக்காமல் இருக்க மேலே கியர் கைப்பிடியில் துணி கட்டினோமே, அதே வால்வுதான். அப்புறம் சல்லடைக் கிண்ணம்: பாசி, பிளாஸ்டிக், ஜெல்லிமீன். சல்லடை சுத்தம், ஆனாலும் நீர் வரவில்லை என்றால் வெளியே உறிஞ்சும் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருக்கலாம். இஞ்சின் நின்று உறிஞ்சல் இல்லாமல் போனதும் தானாகவே விழுந்துவிடும்.

அதுவும் இல்லை என்றால் இம்பெல்லர். பம்புக்குள் சுற்றும் ரப்பர் சக்கரம் அது. நீர் இல்லாமல் கொஞ்ச நேரம் ஓடினாலே இதழ்கள் பிய்ந்துவிடும். கழற்றியதும் எத்தனை இதழ் குறைகிறது என்று எண்ணுங்கள். குறைந்த அத்தனை துண்டுகளையும் தேடி எடுக்க வேண்டும். பம்பின் வெளிக்குழாயிலும் வெப்பமாற்றியின் வாயிலும்தான் போய் ஒளிந்திருக்கும். புதிய இம்பெல்லரை மாட்டிவிட்டுத் துண்டுகளை விட்டுவிட்டால், ஒரு வாரம் கழித்து வேறு எங்கோ இதே கட்டுரையை மறுபடி படிப்பீர்கள்.

நீர் நன்றாக வருகிறது, ஆனாலும் சூடு ஏறுகிறது என்றால் உள்சுற்று குளிர்நீரின் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட், கரி அடைத்த புகை முழங்கை என்று வரிசையாகப் பாருங்கள். சூடான இஞ்சினின் குளிர்நீர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

புகையின் நிறத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கருப்பு என்றால் இஞ்சின் தன் சக்திக்கு மீறி இழுக்கிறது அல்லது காற்று போதவில்லை. பாசி பிடித்த அடிப்பாகமும் சிப்பி ஒட்டிய விசிறியும் இதற்குப் போதும். நீலம் என்றால் இஞ்சின் ஆயிலை எரிக்கிறது. வெள்ளை என்றால் எரியாத டீசல் அல்லது நீராவி. குளிர்ந்த காலையில் முதல் சில நிமிடம் வந்தால் கண்டுகொள்ள வேண்டாம்.

தரைப்பலகைக்குக் கீழே "சளக்"

விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். எண்ணெய் மினுக்கம் இருந்தால் மட்டும் வேண்டாம். நன்னீர் என்றால் மூச்சு விடலாம்: மழை, குடிநீர் டாங்க், ஒழுகும் குழாய். படகு மூழ்காது, குளியல் மட்டும் குறையும்.

உப்பு கரித்தால் தேட வேண்டிய இடங்கள் குறைவு. கடல்நீர் வால்வுகள், அவற்றின் ஹோஸ் கிளிப்கள், ஷாஃப்ட் வெளியேறும் துளையில் நீரைத் தடுக்கும் கிளாண்ட், டாய்லெட். பழைய பாணி கயிறு அடைத்த கிளாண்ட் ஓடும்போது நிமிடத்துக்குச் சில துளி சொட்டுவது இயல்பு. நின்றதும் சொட்டும் நிற்க வேண்டும். ஓடையாக ஓடினால் நட்டைக் கொஞ்சம் இறுக்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கினால் ஷாஃப்ட் சூடாகிவிடும்.

நீர் வேகமாக ஏறுகிறது என்றால் பம்பை நம்பி உட்காராதீர்கள். நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே 4 சென்டிமீட்டர் அகல ஹோஸ் கழன்றாலே நிமிடத்துக்கு நூறு லிட்டருக்கு மேல் உள்ளே வரும். சின்ன மின்பம்ப் இதோடு போட்டி போட முடியாது. ஓட்டையை அடைப்பதுதான் வழி. ஒவ்வொரு வால்வின் கழுத்திலும் கூம்பு வடிவ மரக்கட்டை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது அதற்காகவே. இருட்டில், முழங்கால் நீரில் நின்று அதைத் தேடக் கூடாது.

சமையலறைப் பக்கம் காஸ் வாசனை

இதற்கு மட்டும் ஆராய்ச்சி கிடையாது. சிலிண்டரில் மூடுங்கள். எந்த மின் சுவிட்சையும் தொடாதீர்கள், அணைப்பதற்குக்கூட. சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. வீட்டில் கதவிடுக்கு வழியாகப் போய்விடும், படகில் தரைப்பலகைக்குக் கீழே உள்ள அடிக்குழியில், தொட்டியில் நீர் போல நிற்கும். எல்லாரையும் மேலே அனுப்பி, மூடிகளைத் திறந்து, காற்று அடிக்க விடுங்கள். கைப்பம்பால் அடிக்குழியிலிருந்து காற்றை இறைக்கலாம்.

எதிரே இருந்த விளக்கு பக்கவாட்டுக்குப் போய்விட்டது

இரவு இரண்டு மணிக்குத் தலையை வெளியே நீட்டினால் உலகம் திரும்பியிருக்கும். நங்கூரம் இழுபடுகிறதா, காற்று திரும்பியதால் படகு சுழன்றிருக்கிறதா? படகின் மூக்கு காற்றை நேராகப் பார்க்கிறது என்றால் பெரும்பாலும் சுழற்சிதான். பக்கவாட்டில் காற்றை வாங்கிக்கொண்டு நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். முன்னால் போய்ச் சங்கிலியில் கை வையுங்கள், வெறுங்காலையும் வைக்கலாம். பிடித்து நிற்கும் நங்கூரத்தின் சங்கிலி மெதுவாக இறுகித் தளரும். இழுபடும் நங்கூரத்தின் சங்கிலியில் விட்டு விட்டு ஒரு கடகடப்பு வரும். கட்டாந்தரையில் பெட்டியை இழுக்கும் அதிர்வு.

இழுபட்டால் முதல் மருந்து இன்னும் சங்கிலி விடுவது. எவ்வளவு விட்டிருக்க வேண்டும் என்ற கணக்கில் எல்லாரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ஆழமானி காட்டுவது 4 மீட்டர். படகின் மூக்கு நீர்மட்டத்துக்கு மேலே 1 மீட்டர். இரவில் ஓதம் (கடல் ஏறி வற்றுவது) இன்னும் 2 மீட்டர் ஏறும். கணக்குக்கு எடுக்க வேண்டியது 4 அல்ல, 7. முழுச் சங்கிலி என்றால் அதன் ஐந்து மடங்கு, 35 மீட்டர். சங்கிலியோடு கயிறு சேர்ந்தது என்றால் ஏழு மடங்கு. மாலையில் 20 மீட்டர் விட்டுவிட்டு "ஐந்து மடங்கு ஆயிற்று" என்று படுத்தவர்தான் இரண்டு மணிக்கு எழுகிறார்.

இடம் போதாமல் மறுபடி போட வேண்டியிருந்தால் அவசரப்படாதீர்கள். நங்கூரம் தரை தொட்டதும் இஞ்சினைப் பின்னோக்கி முறுக்குவது பொதுவான தப்பு. சங்கிலியைப் படகு பின்வாங்கும் வேகத்திலேயே விட்டு, நங்கூரம் மண்ணில் தானாகப் புதையக் கொஞ்ச நேரம் கொடுத்து, அப்புறம் மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். கரையில் ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு பொருட்களை நேர்கோட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். இழுக்கும்போது அந்தக் கோடு கலையவில்லை என்றால் பிடித்துவிட்டது. மறுபடி மறுபடி வழுக்கினால் நங்கூரத்தைத் தூக்கிப் பாருங்கள், ஒரு கூடைப் பாசி வரும். இடத்தை மாற்றுங்கள்.

செல்போன் எச்சரிக்கை வைப்பவர்கள் நங்கூரம் விழும் நொடியில் இடத்தைக் குறிக்க வேண்டும், எல்லாம் முடிந்து தேநீர் குடிக்கும்போது அல்ல. அப்போது நீங்கள் குறிப்பது நங்கூரத்தை அல்ல, உங்கள் தேநீரை.

இரவில் தூங்கவிடாத சத்தங்கள்

நான் அதிகம் கற்றுக்கொண்டது இங்கேதான். ஒவ்வொரு சத்தத்துக்கும் முகவரி தெரியும் வரை தூக்கம் வராது.

"டங், டங், டங்" என்று பாய்மரத்தில் அடிப்பது பாயை ஏற்றும் கயிறு. இழுத்து இறுக்கினால் காற்று கூடும்போது மறுபடி தொடங்கும்; மரத்திலிருந்து விலக்கிப் பக்கத்துக் கம்பியில் கட்டுங்கள். மாலையிலேயே கட்டிவிட்டால் பக்கத்துப் படகுக்காரரும் உங்களை வாழ்த்துவார்.

"டிக்... டொக்" என்று படகு சாயும்போது மட்டும் கேட்பது ஏதோ ஒரு டப்பா. அலமாரியைத் திறந்ததும் நின்றுவிடும், மூடியதும் தொடங்கும். ஒரு டவலைச் சொருகுங்கள். எந்த டப்பா என்று தேடும் வேலையில் இறங்கினால் விடிந்துவிடும்.

சில நிமிடத்துக்கு ஒரு முறை "உர்ர்" என்று அரை நொடி ஓடி நிற்பது குடிநீர் அழுத்தப் பம்ப். எங்கோ ஒரு குழாய் சொட்டுகிறது. இரவுக்கு சுவிட்சை அணைத்துவிட்டுக் காலையில் தேடலாம். ஆனால் அதே இடைவெளியில் ஓடுவது அடிக்குழிப் பம்பாக இருந்தால் எழுந்தே ஆக வேண்டும்.

சங்கிலி பாறையில் உரசும் "கர்ர்" படகு முழுவதும் எதிரொலித்துப் பயமுறுத்தும். சங்கிலியின் முனையைக் கயிற்றால் பிடித்து, எடையைக் கயிற்றுக்கு மாற்றினால் சத்தம் பாதியாகக் குறையும்.

எண்ணெயில் ஏதோ பொரிவது போல அடிப்பலகைக்கு வெளியே சடசடவென்று கேட்கிறதா? பழுது எதுவும் இல்லை. வெப்பமான கடல்களில் வாழும் சொடுக்கு இறால்கள் தங்கள் கொடுக்கைச் சொடுக்கும் சத்தம் அது. ஆயிரக்கணக்கில் சேர்ந்து சொடுக்குவது படகின் உடல் வழியாகக் காதுக்கு வருகிறது. முதல் இரவு நான் டார்ச்சோடு மூன்று முறை அடிக்குழியைத் திறந்து பார்த்தேன். இப்போது அது கேட்காத இடத்தில் தூக்கம் கொஞ்சம் தாமதமாகிறது.

இதெல்லாம் அடங்கிய பிறகு ஒன்று மிஞ்சும். காதுக்கு ஒரு சாண் தூரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம், நீர் தட்டிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்த வழி இல்லை, யாரும் தேடியதாகவும் தெரியவில்லை.

டாய்லெட் பம்ப் இறுகிவிட்டது, அல்லது நாறுகிறது

இறுக்கத்துக்குக் காரணம் சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்து குழாயின் உள்ளே கட்டும் சுண்ணாம்புப் படிவு. வினிகரை விட்டு இரவு முழுவதும் ஊற வைத்தால் இளகும். முற்றிய படிவுக்குக் குழாயையே மாற்ற வேண்டும். நாற்றம் பல நேரம் கழிவு அல்ல. குழாயில் தேங்கிய கடல்நீரில் உள்ள சின்ன உயிர்கள் செத்து அழுகும் வாசனை. படகை விட்டுப் போகும்போது கடைசியாக ஒரு குவளை நன்னீரை ஓடவிடுங்கள். கிண்ணத்தில் நீர் தானாக ஏறுகிறது என்றால் அது விளையாட்டு இல்லை. குழாயின் உச்சியில் காற்று விடும் வால்வு உப்பில் அடைத்துக்கொண்டு, கடல் உள்ளே உறிஞ்சப்படுகிறது. கடல்நீர் வால்வை மூடிவிட்டு அதைக் கழுவுங்கள்.

தானியங்கிச் சுக்கான் திடீரென்று கோணலாக ஓட்டுகிறது

நேற்று வரை நேராகப் போனது, இன்று 20 டிகிரி தள்ளிப் போகிறது. மென்பொருளைத் திட்டுவதற்கு முன் ஒரு கேள்வி: நேற்று சாமான் வாங்கி எங்கே அடுக்கினீர்கள்? இந்தக் கருவியின் திசைகாட்டி உணரி ஏதோ ஒரு அலமாரியின் அடியில் ஒளிந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் இரும்பு டப்பாக்களை அடுக்கினால் அது வடக்கை மறந்துவிடும். சுக்கான் முன்னாலுள்ள சாதாரணத் திசைகாட்டிக்கும் இதே கதை. செல்போன், ஒலிபெருக்கி, இடுப்புக் கத்தி எல்லாம் அதைக் கெடுக்கும்.

வரைபடம் தண்ணீர் என்கிறது, அடிப்பாகம் மணல் என்கிறது

திரையைச் சுருக்கிப் பார்க்கும்போது மின்வரைபடம் சின்னத் திட்டுகளை மறைத்துவிடும். 2014 நவம்பரில் வோல்வோ உலகம் சுற்றும் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் படகு இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் கராஹோஸ் பவளத் திட்டில் ஏறி நின்றது. ஓட்டியவர்கள் தொழில்முறைக் கடலோடிகள். வரைபடத்தைப் போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் திட்டு கண்ணில் படவில்லை. ஆகவே போகும் பாதை முழுவதையும் முந்தின இரவே பெரிதாக்கி, விரலால் தடவிப் பாருங்கள்.

தட்டிவிட்டது என்றால் முதல் கேள்வி: ஓதம் ஏறுகிறதா, வற்றுகிறதா? ஏறுகிறது என்றால் ஒரு நங்கூரத்தை டிங்கியில், அதாவது கூட வரும் சின்னப் படகில், கொண்டுபோய் ஆழமான பக்கம் போட்டுவிட்டுக் காத்திருங்கள். ஓதம் ஆறு மணி நேரத்தில் சீராக ஏறுவதில்லை. முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மூன்று மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணியில் மட்டும் பாதி உயரம் வந்துவிடும். வற்றுகிறது என்றால் நிமிடங்கள்தான் கையில். எல்லாரும் ஒரு பக்கம் போய்ப் படகைச் சாய்த்து, வந்த வழியே பின்வாங்கப் பாருங்கள். இஞ்சினை நெடுநேரம் முறுக்கினால் அது மணலைக் குடிக்கும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்தால் நிலைமை மோசம்; அடுத்து வரும் ஓதங்கள் அந்த உயரத்தைத் தொட இரண்டு வாரம் ஆகலாம்.

கலகலவென்று பேசிக்கொண்டிருந்தவர் மௌனமாகிவிட்டார்

கொட்டாவி, வெளிறிய முகம், "எனக்கு ஒன்றுமில்லை" என்ற பதில். கடல் நோய். இந்தக் கட்டத்தில் மாத்திரை கொடுத்தால் வயிற்றில் தங்காது. அதைக் கிளம்பும் முன்பே கொடுத்திருக்க வேண்டும். கீழே படுக்க அனுப்புவதைவிட மேலே உட்கார வைத்துச் சுக்கானைக் கையில் கொடுங்கள். தொடுவானத்தைப் பார்த்துக்கொண்டு படகை ஓட்டுபவருக்குக் காதின் உள்ளே உணரும் ஆட்டமும் கண் பார்க்கும் ஆட்டமும் ஒத்துப்போகிறது. குளிர், பசி, பயம் மூன்றும் இதைக் கூட்டும். எட்டிக் குனிந்து வாந்தி எடுக்கப் போகிறவரைப் பாதுகாப்புக் கயிற்றில் மாட்டாமல் விடாதீர்கள்.

காய்ந்த துணி மறுபடி நனைகிறது

உப்பு. அது காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடல்நீரில் நனைந்த துணியை எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் மாலையில் பிசுபிசுக்கும். நன்னீரில் ஒரு முறை அலசினால்தான் தீரும். மெத்தைப் பக்கம் உப்புச் சட்டையோடு யாரையும் அனுமதிக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் சர்வாதிகாரி.

டிங்கியின் அவுட்போர்டு (பின்னால் மாட்டும் இஞ்சின்) ஸ்டார்ட் ஆகவில்லை

கடைசியாக வைத்தாலும் அடிக்கடி நடப்பது இதுதான், அதுவும் கரையில் உள்ள ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது. சிவப்புச் சுருள் நிறுத்தக் கயிறு மாட்டியிருக்கிறதா? டாங்க் மூடியிலுள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? அது மூடியிருந்தால் ஸ்டார்ட் ஆகி, சரியாக நடுவழியில் நிற்கும். எரிபொருள் அடைப்பான்? சோக்? ஐந்தாறு முறை இழுத்தும் பிடிக்காமல் பெட்ரோல் வாசனை வந்தால் நனைந்துவிட்டது. சோக்கை உள்ளே தள்ளி, கொஞ்சம் ஆற விட்டு இழுங்கள். ஸ்பார்க் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். பழைய பெட்ரோல் கார்புரேட்டரின் நுண்துளையில் பிசினாகப் படிந்திருந்தால் இன்றைக்கு நடக்காது. பிடித்த பிறகு பக்கவாட்டில் மெல்லிய நீர்த்தாரை வருகிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

எதுவும் நடக்கவில்லையா, சரி, துடுப்பை எடுங்கள். கிளம்பும் முன் பெரிய படகில் நங்கூர விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள், வெயில் இருந்தாலும். நான் போடாமல் போன ஓர் இரவில், ஒரே மாதிரி இருண்டு நின்ற பத்துப் படகுகளுக்கு நடுவே துடுப்புப் போட்டு, ஒவ்வொன்றின் பெயரையும் டார்ச் அடித்துப் படித்துக்கொண்டு போனேன். துடுப்பு பட்ட இடமெல்லாம் நீர் நீலமாக மினுங்கியது. என் படகு எட்டாவது.